சாயப்பட்டறை பில்லும் இரண்டு வருடப் படிப்பும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, கோவையில் ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். ஃபைனான்ஸ் எடு என்கிறார் மாமா. ஹெச்.ஆர். எடுத்தால் எளிதாகப் பாஸ் ஆகலாம் என்கிறான் நண்பன். இப்போது எல்லாமே டேட்டா அனலிட்டிக்ஸ்தான் என்கிறது யூடியூப். இரண்டு வருடத்தையும் எப்படித் திட்டமிடுவது? ஆங்கிலத்தில் சமாளிப்பேனா என்ற பயமும் இருக்கிறது. இங்கே ஒரு சாயப்பட்டறை அண்ணன் பில் பணம் கேட்டு வாரத்துக்கு இரண்டு முறை வருவார். 'பையர் பணம் இன்னும் வரலைண்ணா' என்று சொல்லி அனுப்புவதுதான் என் முக்கிய வேலை. இதிலிருந்து வெளியேறத்தான் படிக்கப் போகிறேன். பாடத்திட்டத்தை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச,

பாடத்திட்டத்தை இரண்டு முறை பார்த்தேன். நீங்கள் கேட்டிருப்பது மூன்றாவது செமஸ்டரைப் பற்றி. அதற்கு முன்னால் தேர்ந்தெடுக்க உங்களுக்கு ஒன்றுமே இல்லை. முதல் இரண்டு செமஸ்டரும் எல்லோருக்கும் ஒரே பாடம்: புள்ளியியல், கணக்கியல், பொருளாதாரம், வணிகச் சட்டம், நிதி, மார்க்கெட்டிங், உற்பத்தி, மனிதவளம். கோடையில் இன்டர்ன்ஷிப். மூன்றாவதில் ஆறு எலெக்டிவ், அதாவது நீங்களே தேர்ந்தெடுக்கும் பாடம், அதுவும் இரண்டு பிரிவிலிருந்து மும்மூன்று. நான்காவதில் ப்ராஜெக்ட். மாமாவும் நண்பனும் யூடியூபும் சேர்ந்து சண்டை போடுவது மொத்தத்தில் ஆறு பாடத்துக்காக.

அந்த ஆறு பாடமும் பாதி நடப்பதற்குள் பிளேஸ்மெண்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் எலெக்டிவைப் பற்றி எவ்வளவு கேட்க முடியும்? முதல் வருடப் பாடத்தில்தான் கேட்பார். லாபம் இருக்கிறது, கையில் பணமில்லை, எப்படி? இது முதல் செமஸ்டர் கணக்கியல். பாதிப் பேர் இங்கேதான் விழுவார்கள். 1908இல் ஹார்வர்டில் இந்த இரண்டு வருடப் படிப்பைத் தொடங்கியபோதே கணக்கியலும் வணிக ஒப்பந்தச் சட்டமும் கட்டாயப் பாடங்கள். பெயர்கள் மாறியிருக்கின்றன, எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை.

நான் படித்த கதையைச் சொல்கிறேன். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. கணக்கியலை மனப்பாடம் செய்து தேறினேன். எலெக்டிவுக்கு, பெயர் கம்பீரமாக இருக்கிறதே என்று ஒன்றை எடுத்தேன். நடத்த வந்தவர் ஆறாவது வாரம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். மிச்சத்தை இன்னொருவர் ஜெராக்ஸ் நோட்ஸைப் பார்த்து வாசித்தார், நாங்கள் எழுதிக்கொண்டோம். இன்றைக்கு அந்தப் பாடத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது அதன் பெயர் மட்டும்தான். பாடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், நடத்துபவரைப் பாருங்கள். சீனியர்களிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் முழு விவரமும் வந்துவிடும்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். பின்னாலிருந்து போடுங்கள். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு என்ன கேள்வி என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் கடைசி நேரத்தில் 'வாடிக்கையாளர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு' என்று தலைப்பு வைத்து, நூறு பேரிடம் கூகுள் ஃபார்ம் நிரப்பி வாங்கி, பை சார்ட் போட்டு, பைண்டிங் கடையில் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. நல்ல கேள்வி ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: அந்தச் சாயப்பட்டறை அண்ணனின் பில்.

நூல் வாங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் முடித்து தூத்துக்குடியில் கப்பல் ஏற்ற இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் அறுபது நாள் கடன் கேட்கிறார். ஆக நான்கு மாதம். நூலில் போட்ட பத்து லட்சத்துக்கு, ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 40,000 ரூபாய். கூலிக்கும் சாயத்துக்கும் இதே மாதிரிக் கணக்குதான், நாள்கள் மட்டும் குறையும். இந்த வட்டியை யார் சுமப்பது? பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிக்கு முன்பே வங்கி தரும் கடன், கிடைத்த அளவுக்குக் கம்பெனி வங்கிக்குக் கட்டும். கிடைக்காத மிச்சத்தில் ஒரு பங்கைச் சாயப்பட்டறைக்காரர் தன் பில்லில் சுமக்கிறார், வட்டியே வாங்காமல். வாரம் இரண்டு முறை அவர் வருவது வேறு எதற்கு? அவருக்கும் சனிக்கிழமை சம்பளம் போட ஆள் இருக்கிறதே.

இந்த ஒரு பில்லுக்குள் உங்கள் முதல் வருடப் பாடங்கள் பாதி வந்துவிடுகின்றன. அன்றாடம் கம்பெனியை ஓட்டத் தேவைப்படும் பணம், அதாவது நடைமுறை மூலதனம், நிதிப் பாடம். எந்தக் கட்டத்தில் துணி சும்மா கிடக்கிறது என்பது உற்பத்திப் பாடம். ஒரு வருடத்து பில்களை எடுத்து, சராசரியாக எத்தனை நாளில் பணம் போயிருக்கிறது, அந்த நாள்கள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று பார்த்தால் புள்ளியியல். சட்டப் பாடத்துக்கு இதில் தீனி இன்னும் அதிகம். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, உதயம் என்ற மத்திய அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. 2023இன் நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் போட்டது. அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். வெறும் வியாபாரியாக இருக்கும் நூல் கடைக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, சாயப்பட்டறைக்கு உண்டு. உங்கள் முதலாளியின் ஆடிட்டருக்கு இதெல்லாம் தெரியும். அந்த அண்ணனுக்குத் தெரியுமா?

கேள்வி கையில் இருந்தால் எலெக்டிவ் தானாக அமைந்துவிடும். ஃபைனான்ஸில் மூன்று: வங்கிச் சேவை, பன்னாட்டு நிதி போல எவை இருக்கின்றனவோ அவை. இன்னொரு மூன்று ஆபரேஷன்ஸில், சப்ளை செயின் கட்டாயம். ஹெச்.ஆர். எளிது என்று எடுக்காதீர்கள். எளிது என்று எடுப்பவர்கள்தான் அதற்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தார்கள், நன்றாகப் படித்தால் அது கடினமான பாடம். ஆபரேஷன்ஸில் ஒரு சிக்கல் உண்டு. போதிய ஆள் சேராவிட்டால் அந்தப் பிரிவையே திறக்க மாட்டார்கள். இரண்டாவது செமஸ்டரிலேயே ஆள் சேர்த்துக்கொண்டு துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். அப்போதும் நடக்காவிட்டால், ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இணைய வகுப்பான என்பிடெல் இருக்கிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் வகுப்புகள் தொடங்கும். பார்ப்பதற்குக் காசு கிடையாது, தேர்வு எழுதத்தான் கட்டணம். பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட். அதை உங்கள் கல்லூரி ஏற்குமா என்று அந்த வகுப்பில் சேரும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாய் வார்த்தை வேண்டாம்.

அனலிட்டிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேலி கணக்கு மென்பொருளிலிருந்து பில் பட்டியலை எக்ஸெலுக்கு எடுத்து, பிவட் டேபிள் என்ற தொகுப்பு அட்டவணை போட்டு, எந்த பட்டறைக்கு எத்தனை நாள் பாக்கி என்று ஒரு பக்கத்தில் காட்டத் தெரிந்தால் அந்தக் கடலில் முழங்கால் வரை இறங்கிவிட்டீர்கள். மிச்சத்தைப் புள்ளியியல் புரிந்த பிறகு பார்க்கலாம்.

ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று சும்மா தட்டிக் கொடுக்க மாட்டேன். முதல் இரண்டு மாதம் சிரமமாகத்தான் இருக்கும், பிரசென்டேஷனில் நாக்கு உலரும். ஆனால் பிளஸ் டூவில் பேரேடு, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு என்று படித்தவர் நீங்கள். வகுப்பில் உட்காரும் என்ஜினீயர்களில் பலர் பற்று எது வரவு எது என்றே முதல் முறையாகக் கேட்பார்கள். அவர்களுக்கு நீங்கள் கணக்கு சொல்லிக் கொடுங்கள், புள்ளியியலை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் வகுப்பில் கேன்டீன் மேசையில் இந்தப் பண்டமாற்று நடந்தது. நான்தான் அதில் சேரவில்லை.

சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வேலையை விடும்போது சண்டை போட்டுக்கொண்டு வராதீர்கள். கோடை இன்டர்ன்ஷிப்புக்குத் திரும்ப வரலாமா, சாயம் போன்ற வேலையை வெளியே கொடுத்துச் செய்த இரண்டு வருடத்து ஜாப் ஒர்க் பில்களைப் பெயர் மறைத்துப் ப்ராஜெக்டுக்குப் பயன்படுத்தலாமா என்று முதலாளியிடம் கேளுங்கள். கேட்காமல் ஒரு காகிதத்தையும் எடுத்து வர வேண்டாம். அவர் மறுத்தால் அந்த அண்ணனிடம் போங்கள். அதே பில்லின் இன்னொரு பிரதி அவரிடம் இருக்கும்.