சார்ஜ் கார்ட் பெறலாமா: வெள்ளவத்தை அன்பருக்குப் பதில்

வணக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களைக் காலிமுகத்திடல் ஹோட்டல்களில் சந்திக்கும்போது மதிப்பாக இருக்கும் என்று எண்ணி, கூடிய ஆண்டுக் கட்டணமுள்ள சார்ஜ் கார்டைப் பெறலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு வரவேண்டிய பணம் 60 நாள் கழித்தே வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டாவது செய்திதான் எனக்குக் கவலை தருகிறது. சாதாரணக் கடனட்டையில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி, மீதியை வட்டியோடு தள்ளிவைக்கலாம்; சார்ஜ் கார்டிலோ, 1950இல் டைனர்ஸ் கிளப் என்ற அட்டை நிறுவனம் தொடங்கிய காலந்தொட்டு, மாதக் கணக்கை முழுமையாகத் தீர்ப்பதே அடிப்படை. இந்த அட்டைக்கு முன்கூட்டியே வகுத்த செலவு எல்லை இல்லை என்பதற்கு, எவ்வளவும் செலவழிக்கலாம் என்பது பொருளல்ல. இத்தகைய அட்டையோடு வரும் விமான நிலைய ஓய்வறை வசதி, கட்டுநாயக்கவிலிருந்து அடிக்கடி பறப்பவருக்கு உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் பார்ப்பது, சரக்கு உரிய நாளில் வந்ததா என்பதையே. வரவு 30 நாளுக்குள் வரும்வரை இப்போதைய கடனட்டையையே வைத்திருங்கள்.