நகரக் கோயில்களுக்குப் புறப்படுமுன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் தரிசித்துவிட முடியுமா? சென்னையிலிருந்து ரயிலில் வருகிறோம். திருப்பத்தூருக்கு டிக்கெட் எடுக்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்! ரயில்வேயில் வரும் திருப்பத்தூர் ஜோலார்பேட்டைப் பக்கத்து ஊர். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு ரயிலே கிடையாது. காரைக்குடி என்று போட்டு எடுங்கள். மாத்தூரிலும் இதே சிக்கல் உண்டு. போன் மேப்பில் வெறுமனே 'மாத்தூர்' என்று தட்டினால் திருச்சி – புதுக்கோட்டை சாலைக்கு இழுத்துக்கொண்டு போகும். 'மாத்தூர் ஐநூற்றீசர் கோயில், காரைக்குடி' என்று முழுதாகத் தேடுங்கள்.

இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகியவைதான் அந்த ஒன்பது. தூரம் ஒரு பொருட்டே இல்லை. நடை சாத்தும் நேரம்தான் எல்லாருடைய திட்டத்தையும் கெடுக்கிறது. உச்சிக்காலம் முடிந்ததும் சாத்தினால் சாயங்காலம் நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். பிள்ளையார்பட்டியில் கூட்டம் இருப்பதால் பகல் ஒரு மணி வரை சமாளிக்கலாம். சிற்றூர்க் கோயில்களில் பதினொன்றரைக்கே குருக்கள் வீட்டுக்குப் போயிருப்பார். காலையில் பிள்ளையார்பட்டியிலேயே வரிசையில் நின்று பொழுதைக் கழித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வைரவன்பட்டி வாசலில் பூட்டைப் பார்ப்பவர்கள் ஏராளம்.

அதனால் சிறிய கோயில்களை முதலில் வையுங்கள். முதல் நாள் விடிந்ததும் காரைக்குடியை ஒட்டிய மாத்தூர், இலுப்பைக்குடி. அடுத்து வைரவன்பட்டி. கடைசியாகப் பிள்ளையார்பட்டி. சாயங்காலம் குன்றக்குடி முருகன் கோயில் (ஒன்பதில் சேராதது), நேமம். இரணியூரும் இளையாத்தங்குடியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், அவற்றை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். சூரக்குடி, வேலங்குடி இரண்டையும் அன்று சாயங்காலம் முடிக்கலாம். ஒரே நாளில் ஒன்பதையும் ஓடி முடித்தால் கோபுரங்களின் எண்ணிக்கைதான் நினைவில் நிற்கும்.

தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாவற்றையும் காரைக்குடியிலேயே வாங்கிவிடுங்கள். மாத்தூரிலும் இலுப்பைக்குடியிலும் வாசலில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அர்ச்சனைக்குச் சில்லறையும் தேவைப்படும்.

கேள்வி: பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைச் சுற்றிவர வழியே இல்லையே, ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவருக்குப் பின்னால் இருப்பது சுவர் அல்ல, மலை. குன்றைக் குடைந்து, அந்தப் பாறையிலேயே புடைப்புச் சிற்பமாகச் செதுக்கிய உருவம் அது. கருவறையை மட்டும் தனியாக வலம்வர முடியாது. எண்ணெய் விளக்கு வெளிச்சம் விழும்போது கைகளைக் கவனியுங்கள். பிள்ளையாருக்குப் பொதுவாக நான்கு கை, இவருக்கு இரண்டுதான். பாசமும் அங்குசமும் இல்லை. துதிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். தங்கக் கவசம் சாத்திய நாட்களில் இதெல்லாம் சரியாகத் தெரியாது. உருவத்தையே பார்க்க விரும்பினால் அபிஷேக நேரம் விசாரித்துப் போங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விநாயகர் வடக்கு நோக்கியவர். வடக்கு வாசல் வழியாக வந்து அப்படியே திரும்பிவிடுகிறவர்கள் சிவனான மருதீசரையும் அம்மன் வாடாமலர்மங்கையையும் பார்க்காமலே போகிறார்கள். நகரக் கோயில் என்ற முறையில் மூலவர் மருதீசர்தான். குன்றக்குடியிலும் இப்படித்தான். மலை ஏறிச் சண்முகநாதரைப் பார்த்தவர்கள் அடிவாரக் குடைவரைகளை விட்டுவிடுகிறார்கள். அங்கே திருமாலுக்குப் பக்கத்தில் கருடன் மனித உருவில் நிற்பதைத் தவறவிடக் கூடாது.

கேள்வி: பழைமையான கோயில்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் கல்லெல்லாம் புதிதாக இருக்கிறதே?
– வாசகர், மதுரை

பதில்: வழிபாடு பழையது, கட்டடத்தில் பெரும்பகுதி திருப்பணியில் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கடல் கடந்து பொருள் ஈட்டிய நகரத்தார், செங்கல்லும் சிதிலமுமாக இருந்தவற்றைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள். அந்த வேலையை 'புதுசு' என்று ஒதுக்காதீர்கள். இரணியூர் அம்மன் சன்னதி முன்மண்டபத்தில் தூணோடு தூணாக நிற்கும் பெண் தெய்வங்களின் நகக்கண் வரை உளி பேசியிருக்கிறது. பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், நேரே அடித்தால் சிற்பம் தட்டையாகிவிடும். டார்ச்சோ போனோ எடுக்கும் முன் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் 'கோயில் மாலை' வரவில்லை என்று காத்திருந்தார்கள். அது என்ன?
– வாசகி, பரமக்குடி

பதில்: மணமக்கள் வீடுகள் எந்தெந்த நகரக் கோயிலைச் சேர்ந்தவையோ அங்கிருந்து வரும் மாலை. அது வந்தால்தான் திருமணம் கோயிலில் பதிவானதாகப் பொருள், புதுப் புள்ளியும் (புதிதாக மணமான குடும்பமும்) கணக்கில் ஏறும். ஒரே கோயிலார் பங்காளிகள் என்பதால் பொதுவாகப் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இரணியூராரும் பிள்ளையார்பட்டியாரும் வேறு வேறு கோயிலாரானாலும் தங்களுக்குள் அப்படியே.

கேள்வி: திருக்கோஷ்டியூரில் விளக்கு நேர்த்திக்கடன் எப்படிச் செய்வது? அம்மாவுக்கு மூட்டுவலி, மேலே ஏறமுடியுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கோயிலில் ஓர் அகல் வாங்கிப் பெருமாள் சன்னதியில் வைத்து வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு காசும் துளசியும் இட்டு மூடிப் பூஜையறையில் வைக்கவேண்டும். வேண்டியது நிறைவேறினால் மாசித் தெப்பத்தின்போது அதே அகலை எடுத்துவந்து, அதோடு இன்னொரு நெய்விளக்கும் சேர்த்துக் குளக்கரையில் ஏற்றுவார்கள். துளசி ஈரத்தோடு இருந்தால் பூஞ்சை பிடிக்கும், நிழலில் உலர்த்தி இடுங்கள். தெப்பத்தன்று படியெல்லாம் எண்ணெய் வழிந்து வழுக்கும், சுற்றிலும் சுடர். அம்மாவைப் பருத்திப் புடவையில் அழைத்து வாருங்கள், பட்டும் நைலானும் வேண்டாம். இருட்டும் முன்பே இடம் பிடித்துவிடுங்கள்.

ஏறுவது கடினம்தான். அடுக்கடுக்கான தளங்கள் கொண்ட அஷ்டாங்க விமானத்துக்குள், சயனித்த சௌமியநாராயணப் பெருமாளுக்கு மேல் நின்ற கோலம், அதற்கும் மேல் அமர்ந்த கோலம். தளத்துக்குத் தளம் படி குறுகிக்கொண்டே போகும், இறங்கும்போது முழங்கால் நிச்சயம் வலிக்கும். அம்மா சௌமியநாராயணரைச் சேவித்துவிட்டு அங்கேயே உட்காரட்டும். நீங்கள் மட்டும் மேலே போய்வாருங்கள்.