"உந்தப் பொய்க்கதைகளை வாசிச்சு என்ன காணப்போறாய்?"

கேள்வி: ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். சுஜாதாவின் விஞ்ஞானக் கதைகளை வாசித்து முடித்துவிட்டேன். ஆட்கள் அவ்வளவாகப் பேசாத விஞ்ஞானக் கதைகள், மாயக் கதைகள் இருந்தால் சொல்லுங்கோ. மேலே தலைப்பில் இருப்பது அம்மாவின் ஏச்சு.
- வாசகி, முள்ளியவளை

பதில்: அன்புத் தங்கச்சி, கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' நாவலைத்தான் முதலில் சொல்லுவேன். 2023இல் வந்தது. பிள்ளை பிறந்த உடனேயே தாய் அவனுடைய நிழலை அறுத்து எடுத்துவிடுகிறாள். தகப்பனைக் கொல்லவென்றே அவனை வளர்க்கிறாள். வளர்ந்து அவன் போய்ச்சேரும் நகரத்தில் எங்கு பார்த்தாலும் திறக்க முடியாத கதவுகள். கூடவே அடையாளப் பத்திரங்கள், கும்பல் வெறியாட்டம், முகாம்கள். விஞ்ஞானக் கதைகளுக்கும் மாயக் கதைகளுக்கும் அமெரிக்காவில் கொடுக்கும் நெபுலா விருது கிடைத்த நாவல். ஆனால் எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிய பேச்சையே நான் கேட்டதில்லை. எனக்கு அது பெரிய மனவருத்தம். 2009இல் போர் முடிந்தபோது செட்டிகுளம் அகதி முகாம்களில் முள்கம்பிக்குள் இருந்து வந்த சனம் அந்த முகாம் பக்கங்களை வாசிப்பது போல வேறு ஆராலும் வாசிக்க ஏலாது. ஆங்கிலம் கொஞ்சம் கடினம்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்து நாளுக்கு ஐந்து பக்கம் வாசியுங்கோ, போதும்.

அது பாரமாக இருந்தால் ரோக்கியா சகாவத் ஹுசைனின் 'சுல்தானாஸ் ட்ரீம்' இருக்கிறது. வங்காளப் பெண் ஆங்கிலத்தில் எழுதி, 1905இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்த சிறுகதை. ஒரே இருப்பில் முடித்துவிடலாம். அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள். ஆட்சி பெண்களின் கையில். வெயிலைச் சேமித்துச் சமைக்கிறார்கள். பலூனில் குழாய்களைக் கட்டி வானத்திலிருந்தே தண்ணீர் எடுக்கிறார்கள். மழை பிந்தினால் குளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் ஆட்களுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

தமிழில் என்றால் புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்'. கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் வந்த கதையை எல்லாரும் சொல்லுவார்கள், இதை விட்டுவிடுவார்கள். கடல்கொண்ட பாண்டியர் நகருக்குள் நம்மை இறக்கும் கதை. 2004இல் கடல் முல்லைத்தீவுக்குள் ஏறி வந்ததைக் கண்ட ஊர் எங்களது. அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அம்மாவோடு சண்டை வேண்டாம். வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிவதை உங்களுக்கு முதலில் சொன்னது அவவாகத்தான் இருக்கும். ஒரு பின்னேரம் பக்கத்தில் இருத்தி, 'கபாடபுரத்தை' வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கோ.