புழல் ஏரியின் விலங்கு மிதவை உயிரிகள் பருவத்துக்குப் பருவம் மாறுமா? ஏன்?

மாறும், நன்றாகவே மாறும். சென்னைக்குக் குடிநீர் தரும் இந்த ஏரியில் மிதந்து வாழும் மிகச்சிறு விலங்குகளைத்தான் (zooplankton) அப்படிச் சொல்கிறோம். முதுகலை விலங்கியல் படித்தபோது என் ஆய்வே இதுதான். வீடு கொளத்தூரில். அனுமதி வாங்கி, மாதம் ஒருமுறை விடியற்காலையில் செங்குன்றம் பஸ் பிடித்துப் போய் வலை போடுவேன். வெயில் ஏறினால் இவற்றில் பல ஆழத்துக்கு இறங்கிவிடும், அதனால்தான் அந்த நேரம்.

நன்னீரில் இவை முக்கியமாக நான்கு கூட்டம்: ரோட்டிஃபர் (தலையில் சக்கரம் போல் சுழலும் இழைகள் கொண்ட மிகச் சிறியவை), கிளாடோசீரா (நீர்த்தெள்ளுகள்), கோப்பிபாட் (துடுப்புக்கால் கொண்டவை), ஆஸ்ட்ரகாட் (இரட்டை ஓட்டுக்குள் இருப்பவை). எங்கள் ஊரில் வண்ணமீன் வளர்ப்பவர்கள் குஞ்சுகளுக்குப் போடும் மொய்னா ஒரு கிளாடோசீராதான். எங்கள் தெருவில் மீன் வளர்க்கும் அண்ணன், "வெயில்ல பொங்கும்மா, பெருமழை வந்தா காணாம போயிடும்" என்பார். அவர் சொன்னது தொட்டியைப் பற்றி. ஏரியில் வெயிலுக்குப் பொங்குவது பெரும்பாலும் ரோட்டிஃபர்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும், சத்துகள் செறியும், பாசி கூடும். பிராக்கியோனஸ் போன்ற ரோட்டிஃபர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் பிறந்த ஓரிரு நாளிலேயே முட்டையிடத் தொடங்கும், ஆண் துணையும் வேண்டாம். பெரிய கிளாடோசீராக்களை மீன் குஞ்சுகள் தின்றுவிடும். நீலப்பச்சைப் பாசி பெருகினால் அதன் இழைகள் அவற்றின் வடிகட்டும் கால்களில் சிக்கிக்கொள்ளும். சின்னதுகளுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் எண்ணிக்கை ஏறினால் இனப் பன்மை ஏறியதாக எழுதிவிடாதீர்கள். ஓர் இனமே முக்கால்வாசி இடத்தைப் பிடித்தால், இனப் பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு இறங்கும்.

மழையில் புதுத் தண்ணீர் கலந்து எண்ணிக்கை குறையும், வண்டல் கலங்கி வெளிச்சம் போகும். அதே சமயம் கரையோரச் செடிகளில் ஒட்டி வாழும் இனங்கள் அடித்து வரப்படுவதால் பட்டியலில் புதுப் பெயர்கள் சேரலாம். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் தெளிந்ததும் கிளாடோசீராவும் கோப்பிபாடும் தலைதூக்கும். எனக்கு மிகவும் பிடித்த மாதங்கள் அவை.

சரி, ஓர் எச்சரிக்கை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்று போடும் வெளிமாநில ஆய்வுகளின் பருவப் பிரிவை இங்கே அப்படியே ஒட்டாதீர்கள். நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதோடு புழலுக்கு வருவது மழைநீர் மட்டுமல்ல, ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரி வழியாகக் கிருஷ்ணா நீரும் வருகிறது. வெயில் மாதத்தில் அது திறந்துவிடப்பட்டால் நீங்கள் எடுக்கும் தண்ணீர் மாதிரி மழைக்காலத்தில் எடுத்தது போலவே இருக்கும்.

வலையையும் பாருங்கள். முதல் இரண்டு மாதம் நான் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கண்ணளவுள்ள வலையைப் பயன்படுத்தினேன். ரோட்டிஃபர்கள் பெரும்பாலும் நழுவிப் போய்விட்டன. அந்த இரண்டு மாதக் கணக்கையும் ஒதுக்கிவிட்டு, 50 மைக்ரான் வலையோடு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

2019 ஜூனில் 3,300 மில்லியன் கன அடி பிடிக்கும் அந்த ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. படிப்பு முடிந்திருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணை எடுத்துவந்து, குளோரின் போகும்வரை திறந்து வைத்த தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் ஜாடிக்குள் புள்ளிபுள்ளியாகத் துள்ளிக்கொண்டிருந்தன. கிளாடோசீராக்கள் நல்ல காலத்தில் பெண்களாகவே பெருகும். நிலைமை கெடும்போதுதான் ஆண்கள் தோன்றும். அப்போது உருவாகும் உறக்க முட்டைகள் சேணம் போன்ற கெட்டி உறைக்குள் இருக்கும், வறண்ட சேற்றில் பல ஆண்டுகள் கூடத் தாங்கும். மழைக்குப் பின் ஏரியில் இவை மறுபடி பெருகுவதில் இந்த மண்ணுக்கும் பங்கு உண்டு. அதனால் உங்கள் ஆய்வில் தண்ணீரோடு அடிமண்ணையும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மாதிரி எடுத்த அன்றைய நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள், குடிநீர் வாரியம் அதைத் தினமும் வெளியிடுகிறது.