போன் போனாலும் படம் போகக் கூடாது

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: "பேக்கப் எடுங்கள், பேக்கப் எடுங்கள்" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறேன். பேசவும் வாட்ஸ்அப் பார்க்கவும் மட்டும்தான் தெரியும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பேக்கப் என்றால், போனில் இருப்பதன் நகலை வேறு இடத்திலும் வைத்திருப்பது. போன் பழுது பார்க்கும் மேசையில்தான் என் பொழுது போகிறது. செத்துப்போன போனோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர், போன் பிழைக்குமா என்று முதலில் கேட்பதில்லை. "உள்ளே இருக்கிற படத்தை மட்டும் எடுத்துத் தர முடியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். பல நேரம் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதைய போன்களில் தகவல் எல்லாம் பூட்டியே சேமிக்கப்படுகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் வழி அதே போனின் சிப்புக்குள் இருக்கிறது. போர்டுக்கு, அதாவது போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கு, உயிர் இல்லை என்றால், மெமரி சிப்பைத் தனியாகக் கழற்றினாலும் அதிலிருந்து ஒரு படம்கூட வராது. அதனால் உங்கள் பிள்ளைகள் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாமே பத்திரமாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். தொடர்பு எண்கள், படங்கள், வாட்ஸ்அப், ஆப்கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போகிறது. முதல் நாள் எண்களும் படங்களும் போதும்.

முதலில் எண்கள். காண்டாக்ட்ஸில் ஏதாவது ஒரு பெயரைத் திறந்து, அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்: சிம்மிலா, போனிலா, கூகுள் கணக்கிலா? சிம் என்றாலும் போன் என்றாலும், போன் தொலைந்தால் சேர்ந்தே தொலையும். அவற்றைக் கூகுள் கணக்குக்கு மாற்றி, இனிமேல் புதிய எண்களும் அங்கேயே சேமிக்கப்படும்படி வைத்துவிடுங்கள்.

அடுத்து படங்கள். கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொட்டால், பேக்கப் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று தெரியும். இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பேக்கப்பை இயக்கியதும் கேமராவில் எடுத்த படங்கள் தாமாகப் போகும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு ஃபோல்டரில் இருப்பதால், அந்த ஃபோல்டருக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். பேரக்குழந்தையின் படங்கள் உங்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன என்றால், அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

மீதியை அடுத்த வாரம் செய்யலாம். செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குள் பேக்கப் இருக்கிறது. அதை இயக்கி, இப்போதே எடு என்று ஒரு முறை கொடுங்கள். அதன்பிறகு போன் சார்ஜில், வைஃபையில், சும்மா கிடக்கும்போது தானே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அந்தப் பேக்கப்பை எடுத்துவிட்டுப் புதிய போனுக்கு மாறினேன். ஆப்கள் எல்லாம் வந்தன. ஆனால் பலவற்றில் மறுபடி லாகின் கேட்கிறது, சில விளையாட்டுகள் முதலிலிருந்து ஆரம்பிக்கின்றன. ஏன்?

பதில்: பேக்கப்பில் போவது ஆப் அல்ல, எந்தெந்த ஆப் இருந்தது என்ற பட்டியல். புதிய போன் அந்தப் பட்டியலைப் பார்த்து ப்ளே ஸ்டோரிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்கிறது. ஆப்புக்குள் இருக்கும் விவரத்துக்கு, ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். அதுவும் ஆப்பை உருவாக்கியவர் அனுமதித்தால்தான். வங்கி ஆப்கள் பாதுகாப்புக்காகப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை, அது நல்லதுதான். குறிப்பு எழுதும் ஆப், கணக்கு எழுதும் ஆப் மாதிரியானவற்றில், அந்த ஆப்புக்குள்ளேயே பேக்கப் அல்லது எக்ஸ்போர்ட் (விவரத்தைத் தனி ஃபைலாக வெளியே எடுக்கும் வசதி) இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அப்படி எதுவும் இல்லாத ஆப்பில் வருடக்கணக்கான குறிப்புகளை எழுதி வைக்காதீர்கள்.

கேள்வி: படங்கள்தான் கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டனவே என்று, போனில் இடம் வேண்டி, அதே ஆப்பைத் திறந்து நிறையப் படங்களை அழித்தேன். இப்போது எங்குமே இல்லை.

பதில்: இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்த ஆப்பின் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள். பேக்கப் ஆன படங்கள் அங்கே 60 நாள் இருக்கும். அதற்குள் என்றால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம்.

கூகுள் போட்டோஸில் இருப்பது கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரி. போனில் அந்த ஆப்பில் அழித்தால், மேலே ஏறிய நகலும் அழியும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால், அதே ஆப்பில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று இருக்கிறது. அது ஏற்கெனவே மேலே ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும்.

இதனால்தான் கிளவுட் (இணையத்தில் இருக்கும் சேமிப்பிடம்) ஒன்றை மட்டும் நம்புவதை நான் ஏற்பதில்லை. அவ்வப்போது போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, போனில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுத்து, டிசிஐஎம் என்ற ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து வையுங்கள். கேமரா படங்கள் அதற்குள்தான் இருக்கும். அந்த நகலை, நீங்களே போய் அழித்தால் தவிர, எந்த ஆப்பும் தொடாது.

கேள்வி: 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று செய்தி வருகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: விடக் கூடாது. அது கூகுள் இலவசமாகத் தரும் இடம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜிபி. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதற்குள்தான் வருகிறது. நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும், மின்னஞ்சலும் வராமல் போகும். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காமல் விட்டாலே பலருக்கும் கணிசமாக இடம் கிடைக்கும்.

கேள்வி: கீழே விழுந்து திரை உடைந்துவிட்டது. படம் தெரிகிறது, தொட்டால் எதுவும் அசையவில்லை. பேக்கப் எடுத்ததே இல்லை.

பதில்: பதற வேண்டாம். திரைதான் போயிருக்கிறது, உங்கள் தகவல் அப்படியே இருக்கிறது. ஓடிஜி என்ற சிறிய இணைப்பான் ஒன்றை வாங்கி, போனின் சார்ஜ் துளையில் செருகி, அதன் மறுமுனையில் கணினி மவுஸைச் செருகுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் உடனே திரையில் ஒரு சிறிய அம்புக்குறி வரும். அதை வைத்து பின் நம்பரை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பேட்டர்ன் என்றால், மவுஸின் இடது பொத்தானை அழுத்தியபடியே புள்ளிகளை இழுத்து இணைக்க வேண்டும். திறந்ததும் வைஃபையில் சேர்த்து, முதல் கேள்விக்குச் சொன்ன வேலைகளைச் செய்துவிடுங்கள். அப்புறம் திரையை மாற்றலாம். பழுது பார்க்கக் கொடுக்கும் இடத்தில் "ரீசெட் செய்யக் கூடாது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ரீசெட் என்றால் போனில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். திரை மாற்றுவதற்கு அது தேவையே இல்லை.

கேள்வி: போன் திருடு போனது. பேக்கப் எல்லாம் இருக்கிறது. ஆனால் புதிய போனில் கூகுள் கணக்கைத் திறக்கப் போனால், பழைய போனுக்கு வந்த செய்தியை உறுதி செய்யச் சொல்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள். எஸ்எம்எஸ் வரத் தொடங்கியதும், உறுதி செய்ய வேறு வழி வேண்டும் என்று கேட்டால் அந்த எண்ணுக்குக் குறியீடு வரவழைக்கலாம். உங்கள் கணக்கு வேறு கணினியில் ஏற்கெனவே திறந்திருந்தால் வேலை இன்னும் சுலபம்.

மற்றவர்கள் இதை இன்றைக்கே செய்யுங்கள். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதியும் கேட்பது) வைத்திருப்பவர்களுக்கு, போன் கையில் இல்லாதபோது கணக்கைத் திறக்க 10 பேக்கப் குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு முறைதான் செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி, போனோடு சேராத இடத்தில் வையுங்கள். போனுக்குள்ளேயே படம் பிடித்து வைப்பதில் பயன் இல்லை. பழைய போனின் பின் அல்லது பேட்டர்னையும் மறந்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு பேக்கப் அதைக் கொண்டு பூட்டப்படுவதால், புதிய போனில் மீட்கும்போது அதைக் கேட்கும்.

கேள்வி: வாட்ஸ்அப் பேக்கப்புக்கு பாஸ்வேர்டு வைத்திருந்தேன், மறந்துவிட்டது. நிறுவனத்திடம் கேட்டால் தருவார்களா?

பதில்: அவர்களிடமே அது கிடையாது. பாஸ்வேர்டு வைத்தாலும் சரி, 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, தொலைந்தால் அந்தப் பேக்கப்பைத் திறக்க முடியாது. ஆனால் பழைய போனில் வாட்ஸ்அப் இன்னும் ஓடுகிறது என்றால் கவலை இல்லை. சாட் பேக்கப் பகுதிக்குப் போய்ப் புதிய பாஸ்வேர்டு வைத்து, மறுபடி ஒரு பேக்கப் எடுங்கள். முக்கியமாக, அது முடியும்வரை பழைய போனில் வாட்ஸ்அப்பை நீக்கிவிடாதீர்கள்.

கேள்வி: ஐபோனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: முறை அதேதான், இடம் வேறு. ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான். படம் அதிகம் எடுப்பவருக்குப் போதாது. கணினியில் பேக்கப் எடுப்பதாக இருந்தால் 'என்கிரிப்ட்' (பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவது) என்ற கட்டத்தைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். அது இல்லாமல் எடுத்தால் சேமித்த பாஸ்வேர்டுகளும் ஹெல்த் விவரமும் வராது.

கேள்வி: எடுத்த பேக்கப் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வேறொரு போனிலோ கணினியிலோ உங்கள் கணக்கைத் திறந்து, நேற்று எடுத்த படம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மிகப் பழைய படம் ஒன்று. ஒரு வீடியோவைக் கடைசிவரை ஓடவிடுங்கள். சிறிய படம் தெரிவதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு தொடர்பு எண்ணைத் தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலும் கூகுள் பேக்கப்பிலும் கடைசியாக எடுத்த தேதி போட்டிருக்கும், அதையும் பாருங்கள். பார்த்து முடித்ததும், அந்தக் கருவி உங்களுடையது இல்லை என்றால், கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள்.