தட்டைப் பிரித்து வைத்தால் டிபி பரவாதா? – கேள்வி-பதில்

மழைக்காலம் வந்தாலே கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்தவற்றைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. நம் ஆட்கள் நோய்க்குப் பயப்படாமல் இல்லை, நிறையவே மெனக்கெடுகிறார்கள். ஆனால் திருடன் கொல்லைப்புறமாக வர, நாம் தெருவாசலில் காவல் இருக்கிறோம்.

எங்கள் தெருவில் வாரம் இரண்டு முறை கொசுப்புகை அடிக்கிறார்கள். சாக்கடையையும் தூர்வாரிவிட்டார்கள். அப்படியும் அடுத்தடுத்த மூன்று வீடுகளில் டெங்கு. எப்படி? (வாசகி, மதுரை)

சாக்கடையைத் தூர்வாரியது நல்ல காரியம்தான். ஆனால் அங்கே வளர்வது க்யூலெக்ஸ் கொசு, யானைக்கால் நோயைப் பரப்புவது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டையும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடி சரியாகப் பொருந்தாத டிரம், எல்லாம் அதற்குப் பிரசவ வார்டு.

புகை, பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். அதுவும் மேலே பட்டால்தான். ஏடிஸோ கட்டிலுக்கு அடியிலும், கொக்கியில் தொங்கும் துணிகளுக்கு நடுவிலும் ஒளிந்திருக்கும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் நாம் கதவு ஜன்னலை வேறு சாத்திவிடுகிறோம். முட்டையையும் புழுவையும் புகை ஒன்றும் செய்யாது.

முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.

அடுத்தடுத்த வீடுகளில் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது. காய்ச்சல் வந்த முதல் சில நாட்கள் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அப்போது கடிக்கும் கொசு, ஏறக்குறைய 8 முதல் 12 நாள் கழித்து மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கும். ஆகவே நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. அந்த வலை நோயாளியை விடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் அதிகம் காப்பாற்றும்.

இன்னொன்று: டெங்குவில் ஆபத்து, காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரையோ ஊசியோ கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

மாமனாருக்குச் சளியில் டிபி கிருமி இருக்கிறது. மருந்து தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனி. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. போதுமா? (வாசகி, சேலம்)

தட்டையும் டம்ளரையும் மறுபடி பொதுவில் சேர்த்துவிடுங்கள். டிபி சாப்பாட்டுத் தட்டில் பரவாது. இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலக்கிற நுண்துளிகளில் பரவுகிறது. பூட்டிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். ஜன்னலைத் திறந்தால் காற்றோடு போய்விடும், வெயில் பட்டால் கிருமி சாகும். எனவே அவருக்கு வேண்டியது தனித் தட்டு இல்லை, ஜன்னல் உள்ள அறை. முதல் சில வாரங்கள் முகக்கவசமோ, வாயை மூடிக்கொள்ள ஒரு துண்டோ இருக்கட்டும். சளியைக் கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும்.

அவரை ஊருக்கு வெளியே எங்காவது அனுப்பிவிடலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னைதான். அந்தக் காலத்தில் டிபி என்றால் சானடோரியம் எனும் தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஒரு பிரிவு நோயாளிகளை சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை அவர்களுடைய நெருக்கடியான சிறு வீடுகளிலுமே வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள், சத்தான சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும், ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அதைவிட முக்கியமாக, அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோயாளி சுற்றி உள்ளவர்களுக்கு நோயைக் கொடுப்பது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னால். மருந்து சரியாகப் பிடித்துவிட்டால் சில வாரங்களில் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

குழந்தை விஷயத்தில் மட்டும் தாமதம் வேண்டாம். இருமல் வரட்டும், பார்ப்போம் என்று இருக்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கு டிபி மூளை உறையைத் தாக்கக்கூடும். அரசு மருத்துவமனைக்கு இந்த வாரமே கூட்டிப்போங்கள். பரிசோதித்து, நோய் இல்லை என்றால் வராமல் தடுக்க மாத்திரை தருவார்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இருந்தால் அவரையும் கூடவே அழைத்துப்போங்கள்; சர்க்கரை உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு.

மாமனார் ஆறு மாத மருந்தை முழுசாக முடிக்க வேண்டும். இரண்டாம் மாதம் உடம்பு தேறி, எடை கூடி, ‘இனி எதற்கு’ என்று தோன்றும். அங்கே நிறுத்துகிறவர்கள்தான் மருந்துக்கு மசியாத டிபியோடு திரும்பி வருகிறார்கள்.

மழையில் நனைந்தாலும் தயிர் சாப்பிட்டாலும் சளி பிடிக்கும் என்கிறாரே என் அம்மா? (வாசகர், கோவை)

சளியைத் தருவது வைரஸ். வைரஸ் இல்லாமல் எத்தனை மழையில் நனைந்தாலும் சளி வராது. மழைக்குப் பயந்து எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் உட்காருகிறோம் பாருங்கள், அதுதான் அதற்குத் தோது. தயிர் பாவம், விட்டுவிடுங்கள். அம்மா துண்டை நீட்டினால் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள், அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஊரில் பலருக்கு மஞ்சள் காமாலை. எங்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, எப்படிப் போடுவது? (வாசகர், திருவாரூர் மாவட்டம்)

ஊரில் பலருக்கு ஒரே சமயத்தில் வருகிறதென்றால் பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ்கள் மலம் கலந்த தண்ணீர் வழியாக வருபவை. முதலில் கணக்கு. கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் நிற்பது 4 மீட்டர் என்றால், உள்ளே சுமார் 12,500 லிட்டர் இருக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 31 கிராம் போல வேண்டும். இது தெளிந்த தண்ணீருக்கும் புதிய பவுடருக்கும் உள்ள கணக்கு. கலங்கலாக இருந்தாலோ, பவுடர் வாசனை போய்க் கிடந்தாலோ இந்த அளவு போதாது. ஊராட்சி சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டுக் குளோரின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளிக்குத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கு அடியில் மேலும் கீழும் ஆட்டுங்கள். அடிச்சுண்ணாம்பைக் கிணற்றில் போட்டால் தண்ணீர் கடினநீராகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்க வேண்டும். இரவில் செய்தால் தொந்தரவில்லை.

காமாலை அடங்கும்வரை குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தே குடியுங்கள். மெழுகுவர்த்தி போல இருக்கும் பீங்கான் ஃபில்டர் வைரஸைத் தடுக்காது. கர்ப்பிணிகளுக்குக் காமாலை வந்தால் வீட்டு மருந்தில் நாள் கடத்தவே கூடாது. ஹெபடைடிஸ் இ அவர்களுக்கு உயிராபத்து. அப்புறம், கக்கூஸ் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளீச்சிங் பவுடர் எத்தனை நாள் தாங்கும்?

மகளுக்குச் சின்னம்மை. குளிக்க வைக்கக் கூடாது என்கிறார்கள். தம்பிக்கும் ஒட்டிக்கொள்ளுமா? (வாசகி, தூத்துக்குடி)

வாசலில் வேப்பிலை செருகுவதை நான் குறை சொல்லமாட்டேன். வெளியாட்களை உள்ளே வரவிடாமல் செய்கிறதே, அது நல்ல தனிமைப்படுத்தல். ஆனால் வீட்டுக்குள் இருக்கிறவர்களை அது காப்பாற்றாது. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இந்த வைரஸ் காற்றில் பரவத் தொடங்கிவிடும். அதனால் தம்பிக்குத் தடுப்பூசி போடாமல் இருந்தால், இன்றே டாக்டரைக் கேளுங்கள். முதல் மூன்று நாளுக்குள் போட்டால் பலன் அதிகம். இல்லையென்றால் 10 முதல் 21 நாளுக்குள் எதிர்பாருங்கள்.

குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாக. நகத்தை வெட்டிவிடுங்கள், சொறிந்து சீழ் பிடிப்பதுதான் தழும்புக்குக் காரணம். எல்லாக் கொப்புளமும் பொருக்கு தட்டியபின் பள்ளிக்கு அனுப்பலாம். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அம்மை வராத கர்ப்பிணி யாராவது வீட்டில் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தெரு நாய்க்குட்டி நகத்தால் கீறிவிட்டது. ரத்தம் வரவில்லை. மஞ்சள் வைத்தோம். மூன்று நாள் ஆகிறது. குட்டிதானே? (வாசகர், விழுப்புரம்)

குட்டிக்கும் ரேபிஸ் வரும். கீறிய நகத்தில் எச்சில் இருந்திருக்கலாம். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேரும். கடி பட்டதும் செய்ய வேண்டியது, குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசியை இலவசமாக 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். முதல் ஊசி போடும் நாள்தான் 0. குட்டி பத்து நாள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி வந்தபின் இந்த நோய்க்குச் சிகிச்சை கிடையாது. மூன்று நாள் போனது போகட்டும், இன்றே போங்கள்.