தம்பிக்கு மாத்திரைப் பழக்கம்: ராத்திரி வண்டி அனுப்பும் மையத்துக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தென்மாவட்டத்தில் ஒரு சிறிய பேரூராட்சி. 22 வயதுத் தம்பி ஒரு வருடமாக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்பது போன மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ‘நம் ஊரில் மூன்றில் ஒரு இளைஞர் போதைக்கு அடிமை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளிவிவரம் சுற்றுகிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா, ‘இந்த ஊரில் இருந்தால் இவன் தேறவே மாட்டான்’ என்று அழுகிறார். வெளியூர் மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதம் விட்டால் சரியாகிவிடும், ராத்திரியில் வண்டி அனுப்பி அழைத்துப் போய்விடுவோம் என்கிறார் ஒரு ஏஜென்ட். முன்பணம் நாற்பதாயிரம். தம்பிக்கு இதில் இஷ்டமில்லை. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தாலும் வண்டியை வரச் சொல்லாதீர்கள்.

முதலில் அம்மாவின் பயம். அந்த ‘மூன்றில் ஒருவர்’ கணக்கை யார் எடுத்தார்கள்? உங்கள் பேரூராட்சி அளவுக்கு அப்படி ஒரு கணக்கு அரசிடமே கிடையாது. இந்தியாவில் நடந்த பெரிய ஆய்வு, டெல்லி எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காகச் செய்து 2019-இல் வெளியானது. இரண்டு லட்சம் வீடுகளுக்கு மேல் போய்க் கேட்டார்கள். அதுவே மாநில அளவில்தான் கணக்குச் சொல்லுமே தவிர, ஊர் ஊராகச் சொல்லாது. அதன்படி 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் மது குடிப்பவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பதினைந்து பேர். ஹெராயின், அபின், இந்த வலி மாத்திரைகள் எல்லாம் சேர்ந்த ஓபியாய்டு வகையை எடுப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். எடுப்பவர் எல்லாரும் அடிமை இல்லை. மது குடிக்கும் 16 கோடிப் பேரில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போனவர்கள் சுமார் 5.7 கோடி. அதாவது குடிப்பவர்களிலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான், ஊரில் மூன்றில் ஒருவர் இல்லை.

பிறகு ‘மூன்றில் ஒருவர்’ எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஏதாவது ஒரு விழிப்புணர்வு முகாமில் பையன்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, ‘பீர், சிகரெட், புகையிலை, கஞ்சா இவற்றில் எதையாவது எப்போதாவது தொட்டதுண்டா’ என்று கேட்டிருப்பார்கள். கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் குடித்தவனும் உங்கள் தம்பியும் அதில் ஒரே கட்டத்தில் விழுவார்கள். காவல் நிலைய வழக்குகளை வைத்துச் சொல்லும் கணக்கும் இப்படித்தான். சின்ன ஊரில் போன வருடம் இரண்டு வழக்கு, இந்த வருடம் நான்கு என்றால் ‘நூறு சதவீத உயர்வு’ என்று தலைப்புப் போடலாம். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் சுறுசுறுப்பானவர் என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். ஊரில் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் தம்பி தேறுவானா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

இனி தம்பி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டேபென்டடால் என்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரையாக இருக்கக்கூடும். சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. வாய்வழி விழுங்கச் செய்த மாத்திரையில் மாவும் பிசினும் கலந்திருக்கும். அதைக் கரைத்து நரம்பில் ஏற்றினால் நரம்பு கெட்டு, கை வீங்கிச் சீழ் கோக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருக்கிறானா என்று கவனியுங்கள்.

மாத்திரை கிடைக்காத நாளில் அவனைப் பார்த்திருப்பீர்கள். ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், உடம்பெல்லாம் புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கக் காலை உதைத்துக்கொண்டு தூங்காமல் புரள்வது. இதைத்தான் வித்ட்ராயல் என்கிறோம். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். சோம்பேறித்தனமோ நடிப்போ இல்லை. திட்டினால் குறையாது. டாக்டர் தரும் மருந்தால் குறையும்.

ஏஜென்ட் விற்பது இந்த ஒரு வாரத்தைத்தான். அடைத்து வைத்தால் யாருக்கும் உடம்பு அடங்கும். ஆனால் ஏக்கம் ஆறு மாதத்திலும் போகாது, போவது உடம்பின் தாங்கும் சக்தி. பையன் வெளியே வந்த அன்று பழைய நண்பன் கொடுக்கும் பழைய அளவை ஏற்றினால், அந்த அளவே மூச்சை நிறுத்திவிடும். மையத்திலிருந்து ‘குணமாகி’ வந்த பையன் ஒரே வாரத்தில் இறந்துபோனான் என்று கேள்விப்படுகிறோமே, பல நேரம் நடப்பது இதுதான். இதை எந்த ஏஜென்டும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

அவருக்குக் கமிஷன் ஆள் பிடித்தால்தான். முன்பணத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார். மையத்துக்குப் பதிவு உண்டா என்றால் டிரஸ்ட் பதிவுப் பத்திரத்தைக் காட்டுவார். சில பேர் ஐஎஸ்ஓ சான்றிதழ் காட்டுவார்கள். டிரஸ்ட் பதிவை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆட்களை உள்ளே தங்கவைத்துப் போதை சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாளில் வருகிறார், அவரோடு நேரில் பேசலாமா என்று கேளுங்கள். ‘முதல் ஒரு மாதம் வீட்டார் போன் பேசவே கூடாது, அதுதான் ட்ரீட்மென்ட்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டாரோடு பேசுவது அந்தச் சட்டம் நோயாளிக்குக் கொடுத்திருக்கும் உரிமை. சங்கிலியால் கட்டிவைப்பதை எந்த நிலையிலும் அது அனுமதிக்கவில்லை. 22 வயதுப் பையனை அவன் சம்மதம் இல்லாமல் ராத்திரியில் வண்டியில் ஏற்றுவதற்குச் சிகிச்சை என்று பெயர் கிடையாது. அது ஆள் கடத்தல்.

இவர்களோடு சேர்ந்து இன்னொரு கூட்டம் வரும். ‘அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், பழக்கம் விட்டுப்போகும்’ என்று பொடி விற்பவர்கள். சில பொடிகளில் டைசல்ஃபிராம் என்ற, குடியை நிறுத்தத் தரும் மருந்து இருக்கும். அது உள்ளே இருக்கும்போது மது குடித்தால் முகம் சிவந்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். தெரிந்து எடுப்பவர்களுக்கு அது நல்ல மருந்துதான். குழம்பில் கலப்பது குற்றம்.

சரி, என்னதான் செய்வது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு ஓ.பி.க்கு அழைத்துப் போங்கள். தமிழ்நாடு அரசு 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது, உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா என்று அங்கேயே விசாரியுங்கள். ஓபியாய்டு பழக்கத்துக்குப் பியூபிரினார்ஃபின் என்று நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறது. வித்ட்ராயலையும் ஏக்கத்தையும் சேர்த்தே அடக்கும். மாதக்கணக்கில், தேவைப்பட்டால் வருடக்கணக்கில் எடுக்கலாம். ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா’ என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். பையன் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான் என்று சொல்லுங்கள். ஊசி மாற்றிப் போட்டிருக்கக்கூடும் என்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹெபடைடிஸ் சி வந்திருந்தாலும் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். சிகிச்சைக்கு வருபவரைப் பிடித்துக் கொடுப்பது டாக்டர் வேலை இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் மேலே சொன்னது மாறும், இதைக் கவனமாகப் படியுங்கள். மாத்திரையோடு அவன் தினமும் குடிக்கிறானா? வாரக்கடைசியில் நண்பர்களோடு குடிப்பதைக் கேட்கவில்லை. காலையில் கை நடுங்கி, ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையைக் கேட்கிறேன். மாத்திரை வித்ட்ராயல் வேதனையானது, ஆனால் அதனால் மட்டும் சாவது அரிது. மது அப்படி இல்லை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளையொட்டி ஆள் தடுமாறி, இல்லாததைப் பார்த்துப் பேசி, உடம்பு கொதித்து, உயிரே போகலாம். மாலை போட்ட அன்றே குடியை விட்டவர்களும் ஆஸ்பத்திரியில் திடீரென்று சேர்ந்தவர்களும் இப்படி மாட்டிக்கொள்வதுண்டு. அதனால் தினக்குடி இருந்தால் வீட்டில் நிறுத்திப் பார்க்கும் சோதனையே வேண்டாம். ‘கடைசியாக எப்போது குடித்தான்’ என்பதை முதல் வார்த்தையாக டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையைத் தினமும் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அவன் வரவே மாட்டேன் என்றால் முதலில் நீங்கள் மட்டும் போய் டாக்டரைப் பாருங்கள். தற்கொலை மிரட்டலோ அடிதடியோ வந்துவிட்டால், சம்மதம் இல்லாமலே சேர்க்கவும் மேலே சொன்ன மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் 30 நாள் வரைதான். ஆறு மாதம் என்று ஏஜென்ட் நாள் குறிக்க முடியாது.

பணம் இருப்பவர்கள் ஏஜென்டிடம் ஏன் போகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் மனநல ஓ.பி. வாசலில் நிற்கும் வரிசை அப்படி. அந்த 2019 ஆய்விலேயே மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. போதை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால் எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள், எத்தனை பள்ளியில் பேரணி போனது என்று படிவம் படிவமாகக் கேட்கிறார்கள். ஓ.பி.யில் இந்த மாதம் பியூபிரினார்ஃபின் எத்தனை நாள் இருந்தது, போன மாதம் வந்த பையன் இந்த மாதமும் வந்தானா என்ற கட்டத்தை அந்தப் படிவத்தில் நான் பார்த்ததே இல்லை. உங்கள் ஊருக்குப் புள்ளிவிவரம் வேண்டும் என்றால் எடுக்க வேண்டியது அதைத்தான்.

போகிற அன்று காலை சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். காலி மாத்திரை அட்டை வீட்டில் கிடைத்தால் அதை எடுத்துப் போங்கள். அதில் இருக்கும் பெயரும் மில்லிகிராமும் டாக்டருக்குப் பெரிய உதவி. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று அவனையே சொல்லவிடுங்கள், குறைத்துச் சொன்னால் அங்கே வைத்துச் சண்டை போடாமல் பிறகு தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரியில் நிலைமை மோசமாகி யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மனநல உதவி எண் 14416, போதைக்கென்றே தனியாக 14446. இரண்டுக்கும் காசு இல்லை. மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்து, தட்டி எழுப்பியும் எழவில்லை என்றால் இந்த எண்களில் நேரம் போக்காமல் உடனே 108.